நாய்க்கடித் துண்டறிக்கை: எதை எழுதுவது, எப்படி அடிப்பது

போன மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எட்டு வயதுப் பையன் ஒருவனை நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ஓடிவந்த பாட்டி காயத்தில் மிளகாய்த்தூளை அப்பித் துணியால் இறுக்கிக் கட்டினார். சாயங்காலம் சித்தப்பா பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போய் டி.டி. ஊசி போட்டுவந்தார். "அதான் ஊசி போட்டாச்சே" என்று வீடே நிம்மதியாகிவிட்டது. டி.டி. என்பது ரணஜன்னி வராமலிருக்கப் போடுவது. ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்றாம் நாள் வேறு வேலையாக அந்தத் தெருவுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியருக்கு விஷயம் தெரிந்து, அவர்தான் பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். தாமதமானாலும் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்கலாம், தொடங்கத்தான் வேண்டும். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. ஆளுக்கொன்றாக, கேள்விப்பட்டதையெல்லாம் செய்தார்கள். சரியான சேதி மட்டும் அவர்கள் காதில் விழாமலே போயிருக்கிறது. ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் நாங்கள் ஆறு பேர் அந்த வாரமே பேசி, ஒரு துண்டறிக்கை அடித்து வீடு வீடாகக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். முடிவெடுக்க ஐந்து நிமிடம் ஆனது. எப்படி அடிப்பது என்பதில் மூன்று வாரம் போயிற்று. தாளில் என்ன எழுதுவது, தயாராகக் கிடைப்பதையே எடுத்துக்கொள்ளலாமா, ஜெராக்ஸா ஆப்செட்டா என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் இருந்தன. உங்கள் ஊரில் யாராவது இதே வேலையில் இறங்கினால் அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்த வதந்தியோடு மோதுகிறோம்

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாய்க்கடியைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கின்றன? "எங்கப்பாவை நாய் கடிச்சப்ப வேர் கட்டித்தான் சரியாச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேபிஸ் கிடையாது. அப்படிப்பட்ட நாய் கடித்தால் வேர் கட்டினாலும் பிழைப்பார்கள், சும்மா இருந்தாலும் பிழைப்பார்கள். ஆக, வேர் பலித்ததற்கு ஊரில் ஐம்பது சாட்சி இருக்கும். ரேபிஸ் உள்ள நாய் கடித்தவருக்கோ நோய் உடனே வருவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், சில சமயம் ஒரு வாரத்திலேயே வரலாம், ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்குள் கடித்த நாயையும் கட்டிய வேரையும் எல்லாரும் மறந்திருப்பார்கள். கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்ந்து, அறிகுறி தென்பட்டுவிட்டால் பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். உலகத்தில் ரேபிஸால் இறப்பவர்களில் 36 சதவீதம் பேர் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இது மனதில் பட்ட பிறகு எங்கள் பேச்சின் தொனியே மாறிவிட்டது. "மூடநம்பிக்கையை ஒழிப்போம்" என்று முதல் வரைவில் பெரிதாகப் போட்டிருந்த தலைப்பை அடித்தோம். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பாட்டி தாளை மடித்து வைத்துவிடுவார்.

நான்கு விதமாக எழுதிப் பார்த்தோம்

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது இரண்டு பத்தி அட்டவணை. இடப்பக்கம் "தவறு", வலப்பக்கம் "சரி". கேள்விப்பட்ட கதைகளைச் சேகரித்தபோது ஒன்பது வரிசை வந்தது: மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், வேர் கட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி, வீட்டு நாய் என்றால் பயமில்லை, குட்டி நாய் என்றால் பயமில்லை, டி.டி. போதும், ஊசி போட்டால் கறி மீன் சாப்பிடக் கூடாது. பார்க்க அழகாகவும் நியாயமாகவும் இருந்தது. கையால் எழுதிய ஒரு பிரதியை டீக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். மறுநாள் கடைக்காரரிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டபோது, "சுண்ணாம்பு வைக்கலாம்னு போட்டிருந்துச்சே" என்றார். எனக்குப் பகீரென்றது.

அவர்மேல் தப்பில்லை. அட்டவணையில் "சுண்ணாம்பு" என்ற சொல் கண்ணில் பட்டது, பக்கத்தில் இருந்த மறுப்பு நழுவிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்ட சேதி உண்மைபோலத் தோன்றும் என்பதை உளவியலாளர்கள் 1977லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட ஃப்ளூ தடுப்பூசித் துண்டறிக்கை ஒன்று இதே "உண்மையும் கட்டுக்கதையும்" வடிவில் இருந்தது. சுமார் இருபது வருடத்துக்கு முன் ஆய்வாளர்கள் அதைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். படித்த கையோடு கேட்டபோது சரியாகச் சொன்னவர்கள், அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது கட்டுக்கதைகளில் சிலவற்றை உண்மை என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுப்பு தெளிவாகவும் காரணத்தோடும் இருந்தால் கட்டுக்கதையைக் குறிப்பிடுவதால் பெரிய கெடுதல் இல்லை என்று காட்டியவையும் உண்டு. அட்டவணையே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரி மறுப்பு, காரணம் எதுவும் இல்லை என்ற வடிவம் வேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது வழி, வதந்தியின் பேரையே எடுக்காமல் செய்ய வேண்டியதை மட்டும் வரிசையாகச் சொல்வது. கழுவு, போ, ஊசி போடு, முழுதாகப் போடு. சுகாதாரத் துறைச் சுவரொட்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். சுருக்கம், தெளிவு, பதற்றத்தில் இருப்பவர் கண்ணுக்கு உடனே பிடிபடும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. "ஊசி போடு" என்று படித்ததும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மனதில் வருவது தொப்புளைச் சுற்றி 16 ஊசி. அந்தப் பயத்துக்கு இந்தத் தாளில் பதிலே இல்லை.

அந்த 16 ஊசிக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் கண்ணைத் திறந்ததே அதுதான். அது கட்டுக்கதையே கிடையாது. 1911ல் இமாசலத்துக் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் உருவாக்கிய தடுப்பு மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. அதைத்தான் பல நாள் தொடர்ந்து வயிற்றில் போட்டார்கள். எண்ணிக்கை ஊருக்கு ஊர் 14 என்றும் 16 என்றும் மாறும், வலி மாறாது. நாய்க்கடி மருந்துக்குப் பேர்போன, 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்தப் பழைய மருந்தின் உற்பத்தியை இந்தியா 2004 கடைசியில்தான் நிறுத்தியது. அப்படியானால் நம் அம்மா அப்பா சொல்வது நேற்றைய உண்மை. அதன் எதிரே "பொய்" என்று முத்திரை குத்தினால், தன் உடம்பில் அந்த ஊசியை வாங்கியவர் நம் தாளில் உள்ள மற்ற வரிகளையும் நம்ப மாட்டார். "அது பழைய ஊசி. இப்போது கையில்தான் போடுகிறார்கள்" என்று எழுதினால் போதும்.

மூன்றாவது வழி, ஒரே ஒரு வதந்தியை எடுத்து அதை முழுதாக அவிழ்ப்பது. முதலில் உண்மை, அப்புறம் ஊரில் உலவும் கதை, அது ஏன் நம்பும்படி இருக்கிறது, எங்கே தவறுகிறது, கடைசியில் மறுபடி உண்மை. தவறான தகவலை மறுப்பது பற்றி ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது இந்த வரிசையைத்தான். எனக்கும் இதுதான் மிகவும் பிடித்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளைப் படித்துவிட்டுப் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினார்கள். அந்த மாதிரி நேரத்துக்கு இது மிகப் பொருத்தம். அங்கே படிப்பவருக்கு அவகாசம் உண்டு. இரவு சாப்பிட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து படித்து, பேசி, மறுநாள் முடிவெடுக்கலாம். நாய் கடித்த வீட்டில் அப்படி யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டிருப்பான்.

நான்காவது, கேள்வி பதில். "வீட்டு நாய்தானே, ஊசி வேண்டுமா?", "கர்ப்பிணிக்குப் போடலாமா?" என்று. படிக்கச் சுகமாக இருந்தது, ஆனால் இரண்டு பக்கம் தாண்டிப் போயிற்று. இதைத் தாளில் அடிக்காமல் மகளிர் குழுக் கூட்டத்தில் பேசப் பயன்படுத்திக்கொண்டோம்.

கடைசியில் நாங்கள் எடுத்தது இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்த ஒரு வடிவம். எலும்புக்கூடு செய்முறைதான்: நான்கே படி. ஒவ்வொரு படியிலும் மனிதரைத் தடுத்து நிறுத்துகிற ஒரு நம்பிக்கையை மட்டும், அந்த இடத்திலேயே, காரணத்தோடு ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போவது. கழுவும் படியில் மிளகாய்த்தூள். ஆஸ்பத்திரிக்குப் போகும் படியில் "வீட்டு நாய்தானே". ஊசிப் படியில் டி.டி.யும் தொப்புளும். முடிக்கும் படியில் பத்தியம். ஒன்பது வதந்தியில் வேர் கட்டு தாளில் இல்லவே இல்லை. அதைச் சொல்லப் போனால் ஊரில் வைத்தியம் செய்யும் பெரியவரோடு சண்டைக்குப் போவதுபோல ஆகிவிடும். அவரை நேரில் பார்த்து, "உங்களிடம் வருகிறவர்களை முதலில் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவிடுங்கள் ஐயா" என்று கேட்டுக்கொண்டோம். ஒப்புக்கொண்டார். ஒரு தாளால் ஆகாத காரியம் அது.

வரைவைப் பையனின் பாட்டியிடமே கொண்டுபோய்க் காட்டினோம். கூசாமல் ஒரு கேள்வி கேட்டார்: "மிளகாத்தூள் வேண்டாம்னு போட்டிருக்கீங்க. ஏன்னு போடலையே?" அதற்கு அப்புறம்தான் "சோப்பு கிருமியைக் கொல்லும், மிளகாய்த்தூள் கொல்லாது" என்ற வரி வந்தது. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்துவிடும். கொரோனா காலத்தில் கை கழுவச் சொன்னதற்கும் இதே காரணம்தான் என்றதும் பாட்டிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆறு பேர் மூன்று வாரம் யோசித்ததைவிட அந்த ஒரு கேள்வி தாளைத் திருத்தியது. உங்கள் துண்டறிக்கையை யாருக்காக எழுதுகிறீர்களோ அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

தயாராகக் கிடைப்பதா, சொந்தமாகச் செய்வதா

அரசின் சுவரொட்டிகள், உலக சுகாதார நிறுவனத்தின் படங்கள் எல்லாம் இருக்கும்போது நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவத் தகவலில் பிழை வராது, காசும் மிச்சம். உங்களிடம் ஒரு வாரம்தான் இருக்கிறது, சரிபார்த்துத் தர மருத்துவர் யாரும் இல்லை என்றால் தயாராக இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தவறான தகவலை எதிர்க்க அடிக்கும் தாளில் இன்னொரு தவறு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

நாங்கள் சொந்தமாகச் செய்ததற்குக் காரணம், பொதுச் சுவரொட்டியில் எங்கள் ஊரின் பெயர் இல்லை. "அருகிலுள்ள அரசு மருத்துவமனை" என்றுதான் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு எங்கே போவது, காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்து எங்கே இருப்பு இருக்கிறது, எந்தப் பேருந்து போகும் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரன்தான் எழுத முடியும். இந்த இம்யூனோகுளோபுலின் விஷயத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பல் பதிந்து ரத்தம் வந்த காயமென்றால் கையில் போடும் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடும் இந்த மருந்தும் வேண்டும், ஏனென்றால் தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கச் சில நாள் ஆகும். அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதிவிடக் கூடாது. நாங்கள் நேரில் போய்க் கேட்டு, மருத்துவ அலுவலரிடம் வரைவைக் காட்டிச் சரிபார்த்த பிறகே ஆஸ்பத்திரிப் பெயரைப் போட்டோம்.

அவர் திருத்திக் கொடுத்த முக்கியமான இடம் ஒன்று. நாங்கள் "மொத்தம் ஐந்து ஊசி" என்று எழுதியிருந்தோம். அரசு மருத்துவமனைகளில் பொதுவாகத் தோலுக்குள்ளேயே போடும் முறை. முதல் நாள், அப்புறம் 3, 7, 28 ஆகிய நாட்கள் என்று நான்கு முறை போக வேண்டும். தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து முறை. நாங்கள் ஐந்து என்று மட்டும் அச்சடித்திருந்தால், நான்கு முறை போட்டு முடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசியை விட்டுவிட்டார்கள் என்று பேசியிருப்பார்கள். நாமே ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டிருப்போம்.

தாளும் அச்சும்

அளவைப் பொறுத்தவரை, ஏ4 முழுத்தாள், அதில் பாதியான ஏ5, மூன்றாக மடிக்கும் பிரசுரம் என்று மூன்று இருந்தது. மடிப்புப் பிரசுரம் பார்க்கக் கௌரவமாக இருக்கும். ஆனால் அவசரத்தில் எந்த மடிப்பில் எது இருக்கிறது என்று தேட வேண்டும். ஏ4 கையில் கொடுத்ததும் நாலாக மடிபடும். ஏ5, அல்லது அச்சகத்தார் சொல்கிற டெமி 1/8, பீரோ கதவிலோ காலண்டர் பக்கத்திலோ ஒட்டுகிற அளவு. பிட் நோட்டீஸ் பார்த்துப் பழகிய கைக்கும் அதுதான் தோதானது. ஒரு பக்கம் மட்டும் அடியுங்கள். பின்பக்கம் அடித்தால் சுவரில் ஒட்டியதும் அது போயிற்று.

ஜெராக்ஸா ஆப்செட்டா என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆப்செட்டில் பிளேட் செய்யும் செலவு நூறு பிரதிக்கும் ஒன்றுதான், ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். எங்கள் பக்கத்து விலையில் முந்நூறு பிரதிவரை ஜெராக்ஸ் கட்டுப்படியாகிறது, ஆயிரத்தை நெருங்கினால் ஆப்செட்தான் மலிவு. பள்ளியில் கேள்வித்தாள் அடிக்கும் ரிசோ இயந்திரம் இருந்து தலைமையாசிரியரும் சம்மதித்தால் இரண்டையும்விட அது மலிவு. நாங்கள் முதலில் 100 பிரதி ஜெராக்ஸ் எடுத்து இரண்டு தெருவில் கொடுத்து, யார் எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு 1,000 பிரதி ஆப்செட்டில் அடித்தோம். செலவு சற்றுக் கூடுதல்தான், ஆனால் அந்த 100 பிரதி எங்களைக் காப்பாற்றியது.

பலவண்ணமும் பளபளக்கும் ஆர்ட் பேப்பரும் வேண்டாம் என்பது என் கருத்து. டியூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசும். அதன்மேல் பேனாவால் எழுத வராது, எங்கள் தாளிலோ ஊசித் தேதி எழுதக் கட்டம் உண்டு. மஞ்சள் நிற மேப்லித்தோ தாளில் கறுப்பு மை. வெள்ளைத்தாள்களுக்கு நடுவே உடனே தெரியும், யாராவது ஜெராக்ஸ் எடுத்தாலும் எழுத்து அழியாது.

தமிழ் எழுத்தில் தொலைந்த ஒன்று

இந்தப் பகுதியை அச்சகத்துக்குப் போகும் முன் கண்டிப்பாகப் படியுங்கள். நாங்கள் வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அந்த அச்சகத்தில் பழைய எழுத்துரு முறையில் வேலை நடந்தது. நாம் அனுப்பியது அங்கே ஒட்டினால் வெறும் கட்டம் கட்டமாக வரும். அதனால் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். புரூஃப் வந்தபோது "15 நிமிடம் கழுவவும்" என்பது "5 நிமிடம் கழுவவும்" என்று இருந்தது. இன்னொரு வரியில் "கட்டக் கூடாது" என்பதில் "கூடாது" அடுத்த வரிக்குப் போய், படத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மீதி இருந்தது "காயத்தை இறுக்கிக் கட்ட" மட்டும். ஒரு சொல் மறைந்ததில் சேதி தலைகீழாகிவிட்டது.

எனவே வாசகத்தை மட்டும் அனுப்புவதா, வடிவமைத்து பி.டி.எஃப். ஆகவே கொடுப்பதா என்றால், நான் பி.டி.எஃப். பக்கம்தான். லிப்ரே ஆபிஸ் மென்பொருள் இலவசம், தமிழ் எழுத்து அதில் உடையாது, பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். கேன்வா செயலி பழகியவர்களுக்கு அதுவும் சரி, செல்போனிலேயே செய்யலாம். போட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் "கொ", "கோ" எல்லாம் கொம்பு ஒரு பக்கம் காலொரு பக்கமாகச் சிதறும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டில் ஒன்று போதும். எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழில் சுழியும் வளைவும் நெருக்கமாக இருப்பதால், சிறிய எழுத்தை ஜெராக்ஸ் எடுத்தால் "ண", "ன" எல்லாம் கறுப்புப் பொட்டாகிவிடும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள். எதிர்மறைச் சொற்களை வரியின் கடைசியில் தொங்கவிடாமல், "வேண்டாம்: மிளகாய்த்தூள், சுண்ணாம்பு" என்று முன்னால் கொண்டுவாருங்கள். எங்களுக்கு நடந்தது அப்புறம் நடக்க வழியில்லை.

படம் எது

பல்லைக் காட்டும் நாயின் புகைப்படமா, குழாயடியில் காலைக் கழுவும் கையின் கோட்டோவியமா? புகைப்படம் கறுப்பு வெள்ளையில் இருண்ட திட்டாக விழும், அது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, பயமுறுத்தும் நாயைப் பார்த்ததும் பேச்சு தெருநாய்ச் சண்டைக்குத் திரும்பிவிடும். நாயைப் பிடிக்க வேண்டும் என்பவரும் சோறு வைப்பவரும் எங்கள் தெருவிலேயே அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். இருவர் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தத் தாள் வேண்டும். ஆகவே குழாய், சோப்பு, கால். அவ்வளவுதான் படம்.

கடைசியில் அச்சான வாசகம்

இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிப் பெயரை மாற்றி, உங்கள் ஊர் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அடியுங்கள்.

நாய் கடித்தால் முதலில் குழாயடிக்கு!

1. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சோப்பு கிருமியைக் கொல்லும். வேண்டாம்: மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், இறுக்கமான கட்டு. இவை கிருமியைக் கொல்லாது.

2. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய், குட்டி நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் போங்கள். பிறாண்டினாலும் போங்கள். பார்க்க நன்றாக இருக்கும் நாய்க்கும் நோய் இருக்கலாம். நாயைக் கவனித்துவிட்டுப் பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

3. "நாய்க்கடி ஊசி" என்று கேட்டுப் போடுங்கள். டி.டி. ஊசி மட்டும் போதாது. வயிற்றில் போட்டது பழைய ஊசி, இப்போது கையில் போடுகிறார்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தில் போடும் மருந்தும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

4. டாக்டர் சொன்ன தேதியில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். பத்தியம் கிடையாது. கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் போடலாம். உங்கள் தேதிகள்: ____ ____ ____ ____ ____

பிள்ளைகளே, நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ வீட்டில் உடனே சொல்லுங்கள். பெரியவர்களே, சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104.

தேதிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "மூன்றாம் நாள்" என்றால் முதல் ஊசி போட்ட நாளையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் அடுத்தது வியாழன், அதற்கடுத்தது மறு திங்கள், கடைசி அங்கிருந்து மூன்று வாரம் கழித்து வரும் திங்கள். எண்ணை அச்சடிக்காமல் வெற்றுக் கட்டம் விட்டு, செவிலியரையே தேதி எழுதச் சொல்வதில் குழப்பமில்லை. நான்கோ ஐந்தோ, அவர்கள் போடும் முறைப்படி நிரப்பிக்கொள்ளட்டும். தேதி எழுதிய தாளை யாரும் தூக்கிப் போடுவதில்லை என்பது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.

பிள்ளைகளுக்கான வரி எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை சொல்லிச் சேர்த்தது. நாயைச் சீண்டினாயா என்று அடி விழும் என்று பயந்து, பிறாண்டலைக் காற்சட்டைக்குள் மறைக்கும் பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். அதனால் கொடுக்கும் இடத்திலும் பள்ளிக்குத்தான் முதலிடம் கொடுத்தோம். செய்தித்தாளுக்குள் வைத்து அனுப்புவது சுலபம், ஆனால் ஜவுளிக்கடை நோட்டீஸோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். ரேஷன் கடை வரிசை நல்ல இடம், நிற்கும் நேரத்தில் படிக்கிறார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் செய்கிறார்கள்.

ஐந்து பிரதியை லேமினேட் செய்து தெருக்குழாய் பக்கத்துச் சுவர்களில் ஒட்டினோம். அந்த யோசனையும் பாட்டியுடையதுதான்: "கழுவுற எடத்துலதானே எழுதிப் போடணும்?" ஓரங்களில் தண்ணீர் இறங்கி இரண்டு தாள் ஊறிவிட்டது. அடுத்த முறை ஸ்டிக்கராக அடிக்க விலை கேட்டிருக்கிறோம்.